ஒவ்வொரு வெள்ளியும் சொன்ன ‘நல்லாரிக்கி’

கொழும்பிலிருந்து வந்திருந்த நிரோ, எங்கள் பின்னறை மேசையில் தன் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். நான் வைத்த பணியாரத் தட்டைப் பக்குவமாக ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, "அங்கிள், ஆன்ட்டி, ரெண்டு பேரும் இருங்க. ஒரு சாமான் கேக்க வைக்கப் போறன்" என்றாள்.

ஜும்ஆ முடிந்து, சோறு தின்று, எங்கள் ஊர் சாய்ந்தமருது முழுக்கக் கண்ணயரும் நேரம் அது. என் கணவர் முபாறக் கதிரையின் நுனியில், சோதனை முடிவு கேட்க வந்த பிள்ளை மாதிரி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் இருக்கவில்லை. பாதி துடைத்த கோப்பையோடு வாசல் நிலையில் சாய்ந்து நின்றேன். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியாதா? அவர் வாசித்ததைத்தான் போடப்போகிறாள். இரும்புக் கடைக்குள் ஆடு புகுந்த சத்தம் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டு முடித்தால் நானும் போய்ப் படுக்கலாம்.

வந்தது அந்தச் சத்தம் இல்லை.

"நல்லாரிக்கி" என்றது ஒரு பெண் குரல்.

ஒரு மூச்சு விடும் நேரம். மறுபடியும், "நல்லாரிக்கி." பிறகு வாய்க்குள் எதையோ அதக்கிக்கொண்டு ஒன்று. கொட்டாவியோடு ஒன்று. பின்னால் குழந்தை வீரிட்டு அழ, அவசர அவசரமாக ஒன்று.

என் கையில் கோப்பை அப்படியே நின்றது. அது என் குரல்.

மாப்பிள்ளை மனம் நோகப்படாது

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்ல இருபத்து மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும். இந்தத் தொடரைக் கிழமைக்குக் கிழமை வாசிக்கிறவர்களுக்கு நான் நேர் ரோட்டில் போகிறவள் இல்லை என்பது தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கரையோர ஊர்களில் கல்யாணம் முடிந்து பெண் புறப்பட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மருதமுனையில் பிறந்த முபாறக் ஒரு பெட்டி உடுப்போடும் ஒரு கசெட் றெக்கோடரோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெட்டியை என் காக்கா, கூடப் பிறந்த மூத்தவர், வாங்கி உள்ளே வைத்தார். றெக்கோடரை அவர் ஒருவரையும் தொட விடவில்லை.

புது மாப்பிள்ளை வந்த வீட்டைப் பற்றி எங்கள் பெண்களைக் கேளுங்கள். அவர் இருமினால் வீடே எழும்பும். அவர் நல்லது என்றால் அது நல்லது, அவ்வளவுதான். முதல் நாள் சோற்றில் மரியாதைக்கு, "மாசிச் சம்பல் நல்லாரிக்கி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அன்று தொடங்கி இரண்டு வேளையும் உம்மாவின் மாசிச் சம்பல் அவர் முன்னால் வந்து குந்தியது. "மாப்புளட மனம் நோகப்படாது" என்பது உம்மாவின் சட்டம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

முதல் வெள்ளி. சோறு தின்று முடிந்ததும் அவர் உள்ளே போய் ஒரு பலகையைக் கொண்டு வந்தார். அதில் கம்பிகள் இழுத்துக் கட்டியிருந்தன. மருதமுனையில் தறிச் சத்தம் இல்லாத தெரு இல்லை. அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதர், எங்கள் வீட்டில் காது வெறுமையாக இருக்கிறது என்று சொல்லி, தன் வாப்பாவின் தறியைக் கசெட்டில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அதைப் பின்னால் ஓட விட்டார். பலகையை மடியில் வைத்தார். கம்பியைக் கரண்டியால் இழுத்தார், உரசினார், தட்டினார், ஒரு தகரத்தை முறித்தார். நாங்கள் நாலு பேரும் வரிசையாக இருந்து கேட்டோம். வாப்பா தாடியைத் தடவினார். உம்மா உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக நின்றது.

"எப்பிடி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

உம்மாவின் கால் பெருவிரல் என் பாதத்தை அழுத்தியது.

"நல்லாரிக்கி" என்றேன்.

"மாஷா அல்லாஹ்" என்றார் உம்மா. காக்கா மட்டும் கெட்டிக்காரர். "மச்சான், நம்மட ஊர்ல இப்பிடி வாசிக்கிற ஆள் வேற ஒருத்தரும் இல்ல" என்றார். அதில் ஒரு பொட்டுப் பொய் இல்லை.

‘எனக்கு இது விளங்கல்லங்க’ என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் வந்து ஒரு கிழமையான மாப்பிள்ளையிடம் எந்தப் பெண் அப்படிச் சொல்வாள்? இப்போது என் மகள் ஷிமாவுக்குக் கல்யாணமாகி, முன்வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் பின்னால் இரண்டு அறைக்கு வந்துவிட்டோம். புது மருமகன் தன் கையாலேயே எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவார். கோப்பை கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும். "நல்லாரிக்கி மகன்" என்று சொல்லிக் குடித்துவிடுகிறேன். எனக்கு ரோசமே இல்லை.

‘இதுல இசை ஒண்டும் இல்லியே’

கல்முனைச் சந்தைப் பக்கம் முபாறக்குக்கு மோட்டருக்குக் கம்பி சுற்றும் கடை. எரிந்துபோன ஃபேனும் தண்ணீர் மோட்டரும் பகல் முழுக்க அவர் கையில் உயிர் பெறும். அங்கே கழிந்த செப்புக் கம்பி, தகரம், கிழிந்த ஸ்பீக்கர் எல்லாம் வெள்ளிக்கிழமைக்காக வீட்டுக்கு வந்துவிடும்.

வாசிப்பதற்கு முன் ஒன்றும் யோசிக்க மாட்டார். "வாற மாதிரி வரட்டும்" என்பார். ஒருநாள் வாசித்ததை மறுநாள் வாசிக்கவும் மாட்டார். வராதாம். உலகத்தில் இப்படி வாசிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம், அதைக் கேட்கவும் ஆட்கள் இருக்கிறார்களாம். போனில் ஒரு வெள்ளைக்காரரைக் காட்டினார். அந்த மனிதர் பித்தளைக் குழாயை ஊதாமல் கடித்துக்கொண்டிருந்தார். முபாறக் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார்.

எனக்குப் பாட்டு என்றால் சொல் வேண்டும், மெட்டு வேண்டும். இரண்டாம் தரம் கேட்கும்போது கூடச் சேர்ந்து முணுமுணுக்க வேண்டும். றேடியோவில் பழைய பாட்டுப் போனால் அடுப்படியில் என் அகப்பையும் சேர்ந்து ஆடும். அவருக்கு மெட்டு வந்தாலே முகம் வாடும். "அடுத்து என்ன வருமெண்டு தெரிஞ்சா மறுகா ஏன் கேக்கிற?" என்பார். அடுத்து என்ன வரும் என்று தெரிவதுதானே ஐயா சுகம் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். வாய்க்கு வெளியே அது வந்ததில்லை.

தெருவில் ஒருவர் பள்ளிவாசலில் போய்ச் சொல்லிவிட்டார், முபாறக் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் இசை நடக்கிறது என்று. மௌலவி ஒருவர் விசாரிக்க வந்தார். தங்கமான மனிதர். சத்தம் போடவில்லை, சலாம் சொல்லி உட்கார்ந்து, "வாசிங்க பாப்பம்" என்றார். பத்து நிமிடம் கேட்டார். தேத்தண்ணி குடித்தார். எழும்பும்போது, "இதுல இசை ஒண்டும் இல்லியே, பிரச்சின இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முபாறக் அன்றைக்குச் சாப்பிடவில்லை. வேண்டாம் என்று தடுத்திருந்தால்கூட அந்த அளவுக்கு நொந்திருக்க மாட்டார்.

"இந்த ஊர்ல இத விளங்கின ஆள் நீ ஒருத்திதான் ஹஸீனா" என்றார்.

நான் தலையாட்டினேன். யா அல்லாஹ், ஆட்டித் தொலைத்தேன்.

வயிற்றில் வைத்த குழல்

நான் மருத்துவமாது என்பதை இதற்கு முன்னும் எழுதியிருக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன். கர்ப்பிணிப் பெண்களின் வீடு வீடாகப் போவதும், கிளினிக்கில் வயிறு பார்ப்பதும் என் வேலை.

இப்போது அதற்கு மெஷின் வந்துவிட்டது. நான் தொடங்கிய காலத்தில் ஒரு சாண் நீளத்தில் சின்னக் குழல்தான். ஒரு முனை தாயின் வயிற்றில், மறுமுனை என் காதில். குழந்தையின் நெஞ்சடிப்பு உள்ளே கேட்கும். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கிக்கொள்வது கள்ள வேலை என்று எங்களுக்குப் படிப்பித்த மிஸ் கையில் அடிப்பார். அந்தக் குழல் இன்னும் என் பையில் கிடக்கிறது.

எண்ணி முடித்து நிமிரும்போது தாயின் கண் என் முகத்தில் இருக்கும். நான் சொல்வது ஒரே சொல். "நல்லாரிக்கி." அதைக் கேட்டதும் அந்த முகம் விடுகிற மூச்சு இருக்கிறதே, அதற்காகவே இந்த வேலையில் இருக்கலாம். அந்தச் சொல்லை நான் ஒருநாளும் பொய்யாகச் சொன்னதில்லை. சரியில்லை என்றால் சரியில்லை என்றுதான் சொல்வேன், அப்போதே வேன் பிடித்துக் கல்முனை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். ஊருக்கு அது தெரியும்.

வீட்டிலோ வெள்ளிக்கு வெள்ளி அதே சொல்லை இறாலுக்கு ஓடு உடைத்துக்கொண்டே சொன்னேன்.

எல்லாம் ஒன்றாக

இனி அந்தப் பின்னறைக்கு வருகிறேன்.

முபாறக் தன் வாசிப்பையெல்லாம் கணினியில் ஏற்றி வைத்திருந்தார். எங்கேயோ இருக்கிற நாலு பேர் அதை இணையத்தில் கேட்டார்கள். அதில் ஒருத்தி நிரோ. பொத்துவிலில் கடலோரத்தில் இப்படி வாசிக்கிறவர்களை ஒன்றுசேர்த்து ஒரு நாள் நிகழ்ச்சி நடத்தப்போகிறேன், நீங்களும் வர வேண்டும் என்று கூப்பிட்டிருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேர் முன்னால் வாசிக்கப்போகிறார். இரண்டு மாதமாக மனிதர் நிலத்தில் நடக்கவில்லை. அதற்காகத்தான் அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

அவர் வாசிக்கும்போது றெக்கோடர் ஓடும். முடிந்ததும் "எப்பிடி?" என்பார். நான் "நல்லாரிக்கி" என்பேன். அதற்குப் பிறகுதான் நிப்பாட்டுவார். ஆகவே அத்தனை பதிவும் என் சொல்லில்தான் முடியும். நிரோ அந்த முடிவுகளை மட்டும் வெட்டி, பழையதிலிருந்து புதியது வரை வரிசையாக ஒட்டியிருந்தாள்.

ஒவ்வொன்றாகக் கேட்டபோது அது ஒரு சொல். ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால்தான் தெரிந்தது. காய்ச்சல் குரலில் ஒன்று. கேள்வி முடியும் முன்னே ஒன்று. குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒன்று. "நல்லாரிக்கி, கறி அடிப்பிடிக்குது" என்று ஒன்று. கடைசியில் வந்தவை சொல்லே இல்லை, "ந்லாரிக்" என்று ஒரு மூச்சு. கேட்கக் கேட்க எனக்குக் காதுமடல் சுட்டது.

"அங்கிள், எனக்கு ஆகப் பிடிச்சது இதுதான்" என்றாள் நிரோ, முகமெல்லாம் சிரிப்பாக. "ஒவ்வொரு தரமும் வேற மாதிரி. ஆன்ட்டிதான் உண்மையா இம்ப்ரொவைஸ் பண்றாங்க!"

பாவம், அவளுக்கு என்ன தெரியும். பாராட்டத்தான் செய்தாள்.

முபாறக் சிரிக்கவில்லை. பகல் முழுக்க மோட்டரில் காது வைத்து எங்கே கம்பி எரிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிற மனிதர் அவர். கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மகள், நான் பொத்துவிலுக்கு வரல்ல. குறை நினைக்க வேணாம்" என்றார். நிரோ என்னைப் பார்த்தாள். நான் கோப்பையைப் பார்த்தேன்.

அவள் போன பிறகு அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், எனக்கு அதில் பழக்கம் உண்டு.

"வயித்துப் புள்ளக்கி நல்லாரிக்கிண்டு நீ சொன்னா ஊரே நம்புது" என்றார். "நானும் நம்பினன்."

"இஞ்ச பாருங்க, மெய்யாத்தான், நல்லாத்தான்…" என்று தொடங்கினேன். அந்த நேரத்திலும் பொய். என் நாக்கை என்ன செய்ய?

அவர் கை காட்டி நிறுத்தினார். "ஒண்டாச்சும் மெய்யா?"

துடைத்த கோப்பையையே மறுபடியும் துடைத்தேன்.

நாலு வெள்ளி

மறுநாள் பலகையும் தகரமும் ஸ்பீக்கரும் ஒரு பெட்டிக்குள் போய்விட்டன. றெக்கோடரையும் அதற்குள்ளேயே வைத்து மூடினார்.

அடுத்த வெள்ளி அவர் ஜும்ஆவிலிருந்து வந்தார், சோறு தின்றார், படுத்தார். எனக்குத் தேவையான அமைதி வந்துவிட்டது. றேடியோவைப் போட்டேன். பழைய பாட்டுப் போனது, எனக்குப் பிடித்த பாட்டு. இரண்டாவது அடியில் நிறுத்திவிட்டேன். அடுத்த வெள்ளியும் அப்படியே.

அவர் கோபமாக இல்லை, அதுதான் பொறுக்க முடியவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். மீன் வாங்கிக்கொண்டு வந்தார். மருமகனோடு கிரிக்கெட் கதைத்தார். ஆனால் ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டர் நின்றுபோனால் அடுத்த வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கிற அந்தக் காது, வீட்டுக்குள் ஒன்றையும் கேட்காமல் இருந்தது.

எனக்குக் குற்றம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். நான் என்ன ஊரைக் கொள்ளையடித்தேனா? இவர் மனம் நோகக்கூடாது என்றுதானே சொன்னேன். அந்தக் கிழமை கிளினிக்கில் ஒரு இளம் பெண், முதல் பிள்ளை, "மிஸ், நல்லாரிக்கா?" என்று கேட்டாள். முழு நிமிடமும் எண்ணியிருந்தேன். இருந்தும் அந்தச் சொல்லைச் சொல்ல ஒரு கணம் நா எழவில்லை. அவள் முகம் வெளிறிப்போனது. "நல்லாரிக்கி மகள், நல்லாரிக்கி" என்று அவசரமாகக் கையைப் பிடித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் யோசித்தேன். எவள் எவள் வயிற்றிலோ முழு நிமிடம் காது வைத்தவள், இந்த மனிதரை ஒரு நிமிடம் முழுதாகக் கேட்டேனா? இல்லை. ஒருநாளும் இல்லை. ‘ஒண்டாச்சும் மெய்யா’ என்ற கேள்விக்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அவர் கடைக்குப் போன பிறகு ஷிமாவைக் கூப்பிட்டுக் கணினியைத் திறக்கச் சொன்னேன்.

"வாப்பாட சத்தத்தயா கேக்கப் போறீங்க?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "உம்மா, சுகமில்லியா?"

பிஸ்கட் டின்

புதியதிலிருந்து பழையதுக்குப் போனேன். தினமும் வேலை முடிந்து வந்து, அஸர் தொழுதுவிட்டு, அவர் வரும் வரை. கையில் வேலை ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. இறால் இல்லை, வெங்காயம் இல்லை. கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்து, வயிறு பார்க்கிற மாதிரி, பதிவுக்கு ஒரு முழு நிமிடம் இருந்து கேட்டேன்.

பிடிக்கவில்லை. இதை இனிப் பொய்யில்லாமல் எழுதப்போகிறேன்: பிடிக்கவில்லை. தகரம் கீச்சிடும்போது பல் கூசியது. சில இடத்தில் நித்திரை வந்தது, சில இடத்தில் எழும்பி ஓடலாம் போலிருந்தது. ஆனால் நான் நினைத்திருந்த மாதிரி எல்லாம் ஒன்றில்லை. ஒரு வெள்ளி கம்பியை அடித்து நொறுக்கியிருந்தார், அது கடையில் யாரோடோ சண்டை பிடித்து வந்த கிழமை. ஒரு வெள்ளி தொட்டும் தொடாமலும் வாசித்திருந்தார், பின்னால் ஷிமாவின் இருமல் கேட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் அன்றைக்கு. பாட்டு விளங்காவிட்டாலும் ஆள் விளங்கியது.

நாலாவது கிழமை கடைசிப் பதிவுக்கு வந்தேன். கடைசி என்றால் முதலாவது. அதற்கு முந்திய கசெட்டுகளைக் கடல் கொண்டுபோனது. கடல் வந்த அந்தச் சுனாமி வருஷம் உம்மாவும் போனார், வீடும் போனது. ஷிமா அப்போது என் வயிற்றில். கடையில் இருந்ததால் ஒரு றெக்கோடர் மட்டும் தப்பியது. நாங்கள் தகரக் கொட்டிலொன்றில் இருந்தோம்.

அந்தப் பதிவில் கம்பி இல்லை, தறி இல்லை. நிவாரணத்தில் வந்த பிஸ்கட் டின் ஒன்றை இரண்டு விரலால் தட்டியிருந்தார். வேறொன்றும் இல்லை. டிக்டிக் டிக்டிக் என்று மெல்ல, ஆனால் வேகமாக.

பழக்க தோசத்தில் என் கண் கடிகாரத்துக்குப் போனது. எண்ணினேன். முழு நிமிடம். நூற்று நாற்பத்து நாலு.

வயிற்றுப் பிள்ளையின் நெஞ்சடிப்பு அந்தக் கணக்கில்தான் ஓடும்.

அதைப் பதிந்த அன்று காலை, அந்தக் கொட்டிலில் பாயில் படுத்திருந்தேன். உம்மா போனதிலிருந்து பிள்ளை அசைகிறதா என்றுகூட நான் பார்க்கவில்லை. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் பார்த்தவள், என்னைப் பார்க்கப் பயம். முபாறக்தான் என் பையிலிருந்து அந்தக் குழலை எடுத்து வந்தார். "எங்க வைக்கிற?" என்று கேட்டு, என் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். "ஒண்டும் கேக்குதில்லியே… பொறு… ஷ்…" அவர் முகம் மாறியதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது, பிள்ளை இருக்கிறது என்று.

அன்று வெள்ளிக்கிழமை. பின்னேரம் அந்த டின்னைத் தட்டினார். "எப்பிடி?" என்றார். பதிவின் முடிவில் என் குரல், "நல்லாரிக்கி." அதன் பின்னால் நான் விம்முவதும் பதிந்திருக்கிறது. உம்மாவை நினைத்து அழுதேன் என்றுதான் இத்தனை வருஷமும் எண்ணியிருந்தேன்.

‘மறுகா ஒருக்காச் சொல்லு’

அடுத்த வெள்ளி. சோற்றுக் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு, பெட்டியை நானே திறந்தேன். பலகையை எடுத்துப் பாயில் வைத்தேன். தகரத்தையும் வைத்தேன், எரிச்சலோடுதான். றெக்கோடரைப் பக்கத்தில் வைத்துப் பொத்தானை அமத்தினேன்.

"என்னத்துக்கு இதெல்லாம்?" என்றார்.

"வாசிங்க."

"புடிக்காதத ஏன் கேக்கிற?"

"புடிக்காதுதான். புடிக்காட்டிக் கேக்கப்படாதா? என்ட பழைய பாட்ட நீங்க இருவத்தி மூணு வருஷமாக் கேக்கல்லியா?"

"அது வேற."

"ஒரு வேறயும் இல்ல. வாசிங்கண்டா வாசிங்க."

என் சத்தத்துக்கு முன்வீட்டில் மருமகன் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தார். முபாறக் பலகையை மடியில் எடுத்தார். ஒரு மாதம் தொடாத கை. முதலில் தடுமாறியது, பிறகு வழிக்கு வந்தது. நான் அவருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். முடித்ததும் அவர் கேட்கவில்லை. பேசாமல் றெக்கோடரை நிப்பாட்டக் கை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்தேன்.

"கேளுங்க."

"என்னத்த?"

"எப்பிடிண்டு கேளுங்க."

மற்றக் கையால் பலகையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். "எப்பிடி?" என்றார்.

"நடுவுல தகரத்தப் போட்டுக் கீச்சினீங்களே, அது தேவையே இல்ல. காது நோகுது. அதுக்குப் பொறகு கம்பிய மெல்லத் தட்டின இடம் நல்லம். அதோட நிப்பாட்டிரிக்கணும். நீங்க விடாம இழுத்து இழுத்து, ஆறின சோறு மாதிரிப் போச்சி."

வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்.

"நீங்க அண்டைக்குக் கேட்டதுக்கும் பதில் இரிக்கி" என்றேன். "ஒண்டு மெய். பிஸ்கட் டின்."

தன்னையறியாமல் பாயில் இரண்டு விரலால் தட்டினார்.

"நூத்தி நாப்பத்தி நாலு."

"எண்ணினியா?"

"எண்ணினன்."

"முழு நிமிசமுமா?"

"முழு நிமிசமும்."

சாரன் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். துடைத்துவிட்டு றெக்கோடரைக் குனிந்து பார்த்தார். சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

"மறுகா ஒருக்காச் சொல்லு."

"என்னத்த, பிஸ்கட் டின்னயா?"

"இல்ல. காது நோகுதெண்டு சொன்னியே, அது."

சொன்னேன். முதல் முறையைவிட உறைப்பாகச் சொன்னேன். ஆறின சோற்றையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், அந்தப் பித்தளைக் குழாய்க்காரரைக் கேட்ட மாதிரி.

"நானும் ஒண்டு சொல்லட்டா?" என்றார் பிறகு. "உன்ட உம்மாட மாசிச் சம்பல்…"

"வேணாம். மௌத்தானவங்களப் பத்தி ஒண்டும் கதைக்கப்படாது."

"…உப்புக் கூட" என்றார்.

நான் சிரித்ததும் அதில் பதிந்திருக்கிறது. உம்மா கேட்டிருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

கடைசி வரிசை

நிரோவுக்கு அவரே போன் பண்ணினார். பொத்துவிலில் கடலைப் பார்த்த ஓலை மண்டபமொன்றில், அஸருக்குப் பிறகு, முப்பது நாற்பது பேர். பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர். நான் கடைசி வரிசையில் இருந்தேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணை மூடி இருந்தாள், தொழுகையில் இருக்கிற மாதிரி.

முபாறக் வாசித்தார். அந்தத் தகரத்தை எடுத்தார். எடுப்பார் என்று எனக்குத் தெரியும், மனிதர் ஒரு கீச்சைக்கூடக் குறைக்கவில்லை. நான் எல்லார் முன்னாலும் இரண்டு காதையும் முந்தானையோடு சேர்த்துப் பொத்திக்கொண்டேன். அவர் அங்கிருந்து அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பாவி மனிதர், இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

முடிந்ததும் கைதட்டினார்கள். நிரோ ஓடிப்போனாள், நாலு பேர் அவரைச் சுற்றிக்கொண்டு என்னென்னவோ கேட்டார்கள். அவர் எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு, கதிரைகளுக்கு நடுவால் கடைசி வரிசைக்கு வந்தார்.

"எப்பிடி?" என்றார்.

"நீளம்" என்றேன்.

"எந்த இடத்துல?" என்று கேட்டுக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தார்.